செப்புக் குழாய்க் கசிவும் சில்வர் ராடும்

சில்வர் சால்டர் என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு பொருள்கள் விற்கின்றன. முதலாவது, வெள்ளீயத்தில் 4 முதல் 6 சதவீதம் வரை வெள்ளி கலந்த மெல்லிய கம்பி. 221 டிகிரி செல்சியஸில் உருகத் தொடங்கிவிடும். இரண்டாவது, செம்பும் பாஸ்பரசும் சேர்ந்த செந்நிறக் கம்பி. வெள்ளி அறவே இல்லாமலும் வரும், 2, 5, 15 சதவீதம் சேர்ந்தும் வரும். மூன்றாவது, வெள்ளியோடு செம்பும் துத்தநாகமும் கலந்தது. வெள்ளி மட்டுமே 30 முதல் 56 சதவீதம் வரை இருப்பதால் விலை கையைக் கடிக்கும். "சில்வர் ராடு கொடுங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் எந்தக் கடையில் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து இந்த மூன்றில் ஒன்று கைக்கு வரும். செப்புக் குழாயின் கசிவு நிற்குமா, மூன்று மாதத்தில் திரும்ப வருமா என்பது பாதி அங்கேயே முடிவாகிவிடுகிறது.

ஏ.சி. பழுது பார்க்கும் இடங்களில் இந்த வேலை முழுவதற்கும் 'வெல்டிங்' என்றே பெயர். உண்மையில் இது வெல்டிங் அல்ல. வெல்டிங்கில் இணைக்கப்படும் உலோகமே உருகிச் சேரும். இங்கே செம்பு உருகுவதில்லை. செம்பு உருக 1085 டிகிரி வேண்டும். அதைவிடக் குறைந்த வெப்பத்தில் உருகும் வேறோர் உலோகக் கலவையை இடுக்கில் ஓடவிட்டு இரண்டையும் பிணைப்பதே இந்த முறை. ஓடவிடும் கலவை 450 டிகிரிக்குக் கீழே உருகினால் சால்டரிங் என்றும், மேலே உருகினால் பிரேசிங் என்றும் தொழில்துறை பிரித்து வைத்திருக்கிறது. தமிழில் இரண்டுக்கும் பொதுவாகப் பற்றாசு என்ற நல்ல பழஞ்சொல் உண்டு. பொற்கொல்லர் பட்டறையில் அதைப் பொடியாக அராவி, வெங்காரத்தோடு வைத்து ஊதுவார்கள். பொடி வைத்துப் பேசுவது என்ற வழக்குக்கும் இந்தப் பட்டறைக்கும் உறவு சொல்பவர்கள் உண்டு.

உருகிய கலவை இடுக்குக்குள் தானாக ஏறுகிறது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதும் இதே நுண்புழை ஏற்றத்தால்தான். ஆகவே இடுக்கின் அகலம்தான் இணைப்பின் உயிர். உள்ளே போகும் குழாய்க்கும் வெளிக் குழாய்க்கும் நடுவே 0.03 முதல் 0.12 மில்லிமீட்டர் வரை, கிட்டத்தட்ட ஒரு தலைமுடியின் தடிமன், இடைவெளி இருக்க வேண்டும். அதைவிட இறுக்கமாக இருந்தால் உலோகம் நுழையாது. தளர்ந்தால் இழுத்துப் பிடிக்கும் விசை போதாமல் வழிந்துவிடும். இந்த அளவில் மெல்லிய படலமாக உறைந்த கலவை, தனிக் கம்பியாக இருக்கும்போது தாங்குவதைவிட அதிக இழுவையைத் தாங்கும். இருபுறமும் உள்ள செம்பு அதை நெளிய விடாமல் பிடித்துக்கொள்வதே காரணம். வெளியே மோதிரம் மாதிரிக் குவிந்து நிற்கும் உலோகத்தைப் பார்த்துக் கெட்டியான இணைப்பு என்று நம்புவது வழக்கம். பாரத்தைத் தாங்குவது உள்ளே கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் படலம்தான்.

எந்தக் கம்பி என்பதைக் குழாய்க்குள் ஓடுவது எது என்பதிலிருந்து தொடங்கிப் பார்க்க வேண்டும். வீட்டுத் தண்ணீர்க் குழாய்க்கு வெள்ளீயக் கம்பியே போதும். குறைந்த சூட்டில் வேலை முடிவதால் செம்பின் விறைப்பும் கெடாது. முன்பு இதற்கு ஈயம் பாதி, வெள்ளீயம் பாதி கலந்த சால்டர்தான் புழங்கியது; குடிநீரில் ஈயம் கரைவதால் அமெரிக்கா 1986இல் அதைக் குடிநீர்க் குழாய்களில் தடை செய்தது. வெள்ளியும் வெள்ளீயமும் சேர்ந்த கம்பி பரவலானதில் அந்தத் தடைக்குப் பங்கு உண்டு.

குளிர்சாதனக் குழாயின் கதை வேறு. 'கண்டென்சர்' சுருளில் வாயு 50 டிகிரியில் திரவமாகும் நாளில், பழைய ஆர்-22 வாயு ஏறக்குறைய 265 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் இருக்கும். இன்றைய ஸ்ப்ளிட் ஏ.சி.களில் உள்ள ஆர்-32 அதே சூட்டில் 440ஐத் தொடும். கம்ப்ரஸரை விட்டு வெளியேறும் குழாயில் சூடு 80, 90 டிகிரியைத் தாண்டும். அதோடு ஓயாத அதிர்வும் சேரும். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும் உலோகம். அத்தகைய உலோகத்துக்கு 90 டிகிரியே பெரிய சூடு. உடையாவிட்டாலும் நாள்பட மெல்ல மெல்ல நகர்ந்து கொடுக்கும். அதனால் இந்தக் குழாய்களில் பிரேசிங்தான் முறை. வெள்ளீயக் கம்பியால் அடைத்த ஏ.சி. அன்றைக்கு நன்றாகவே ஓடும் என்பதுதான் ஏமாற்றுவது.

செம்பும் செம்பும் சேருமிடத்தில் பாஸ்பரஸ் கம்பிக்கு ஈடில்லை. காரணம் வேதியியல். செம்பைச் சூடாக்கினால் மேலே ஆக்சைடு படலம் விழும். அந்தப் படலத்தின்மேல் உருகிய உலோகம் ஒட்டாது, தாமரை இலைத் தண்ணீர்தான். ஆனால் உருகிய கம்பியில் உள்ள பாஸ்பரஸ் ஆக்சிஜனைச் செம்பிடமிருந்து பறித்துக்கொண்டு கண்ணாடி மாதிரியான பாஸ்பேட்டாக மேலே மிதந்துவிடுகிறது. இடுக்கில் சுத்தமான செம்பு கிடைக்க, கலவை அதில் பரவுகிறது. எனவே ஆக்சைடைக் கரைக்கும் ஃப்ளக்ஸைத் தனியாகத் தடவ வேண்டியதில்லை. பாஸ்பரஸ் இன்னொரு வேலையும் செய்கிறது: செம்பில் 8.4 சதவீதம் பாஸ்பரஸ் சேர்ந்தால் உருகுநிலை 1085இலிருந்து 714 டிகிரிக்கு இறங்கிவிடும்.

அப்படியானால் வெள்ளி எதற்கு? வெள்ளி கூடினால் ஒட்டுதல் கூடும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. சரியான விடை சற்றே சுற்றி வருகிறது. பாஸ்பரசும் செம்பும் சேர்ந்து உருவாகும் பாஸ்பைடு, சட்டிபோல நொறுங்கும் தன்மை உடையது. வெள்ளியில்லாத கம்பியில் பாஸ்பரஸ் 7 சதவீதம் இருக்க வேண்டியிருக்கிறது. 15 சதவீதம் வெள்ளி சேர்த்தால் பாஸ்பரசை 5 சதவீதத்துக்குக் குறைத்துக்கொள்ளலாம்; நொறுங்கும் பகுதி குறைய, இணைப்பு அதிர்வுக்கு வளைந்து கொடுக்கும். வெள்ளி கொண்டுவரும் பெரிய ஆதாயம் இந்த நெளிவுதான். கூடவே இன்னொன்று: 15 சதவீதக் கம்பி 643 டிகிரியில் உருகத் தொடங்கி, 800ஐ ஒட்டித்தான் முழுத் திரவமாகும். இடைப்பட்ட சூட்டில் அது கூழாக நிற்கும். சற்றே தளர்ந்த இணைப்பை நிரப்ப அந்தக் கூழ்நிலை உதவுகிறது. இடுக்கு அளவாக இருக்கும் புதுக் குழாய்க்கு வெள்ளியில்லாத கம்பியோ 2 சதவீதக் கம்பியோ நன்றாக ஓடி வேலையை முடித்துவிடும். பலமுறை சூடுபட்டு வாய் விரிந்த பழைய இணைப்புக்கும், கம்ப்ரஸரை ஒட்டிய அதிரும் இடத்துக்கும் 15 சதவீதம் கொடுத்த காசுக்குத் தகும். எல்லா இடத்துக்கும் அதையே வாங்குவது வீண் செலவு.

பாஸ்பரஸ் கம்பிக்கு ஒரு ஜென்மப் பகை உண்டு, அது இரும்பு. பாஸ்பரஸ் இரும்போடு சேர்ந்தால் எல்லையில் இரும்பு பாஸ்பைடு மெல்லிய கண்ணாடித் தகடாகப் படியும். இணைப்பு பார்வைக்கு மாசு மருவின்றி இருக்கும். ஸ்பேனரால் தட்டினால் உறையைக் கழற்றினாற்போல் விலகி வரும். நிக்கல் கலந்த உலோகங்களிலும் இதே சேதம். ஃப்ரிட்ஜ் வேலையில் இது அடிக்கடி நேர்வதற்குக் காரணம், கம்ப்ரஸரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் குட்டைக் குழாய்கள் பலவும் இரும்பின்மேல் செம்பு முலாம் பூசியவை என்பது. வெளித்தோற்றம் அசல் செம்பு. உப்புத்தாளால் இரண்டு இழுப்பு இழுத்தால் முலாம் போய் வெள்ளைநிற இரும்பு எட்டிப் பார்க்கும். அதைவிட எளிய வழி சட்டைப்பையில் ஒரு சிறு காந்தம் வைத்திருப்பது. காந்தம் ஒட்டிக்கொண்டால் பாஸ்பரஸ் கம்பியைக் கீழே வைத்துவிட்டு, 45 அல்லது 56 சதவீத வெள்ளிக் கம்பியை எடுக்க வேண்டும். பித்தளை வால்வுக்குப் பாஸ்பரஸ் கம்பி ஆகும், ஆனால் ஃப்ளக்ஸ் தடவியாக வேண்டும். அலுமினியச் சுருளுக்குப் பிரேசிங் கம்பிகள் இரண்டுமே உதவாது: அலுமினியமே 660 டிகிரியில் உருகிவிடும், செம்போடு கலந்தாலோ 548 டிகிரியிலேயே.

உயர்வெள்ளிக் கம்பிகளின் அடிப்படை எளிது. வெள்ளி தனியாக 962 டிகிரியில் உருகும், செம்பு 1085இல். 72 பங்கு வெள்ளியும் 28 பங்கு செம்பும் கலந்தாலோ 780 டிகிரியிலேயே உருகிவிடும். துத்தநாகம் சேர்த்தால் இன்னும் இறங்கும், வெள்ளியும் மிச்சமாகும். 45 பங்கு வெள்ளி, 30 செம்பு, 25 துத்தநாகம் கொண்ட கம்பி ஏறக்குறைய 665இலிருந்து 745 டிகிரிக்குள் உருகி முடியும். வெள்ளி 56 ஆகி, 5 பங்கு வெள்ளீயமும் சேர்ந்தது 618இல் தொடங்கி 652இல் தண்ணீராக ஓடும். வெறும் 34 டிகிரி இடைவெளி! இறுக்கமான இடுக்கில் அது ஓடுகிற ஓட்டம் பார்க்கவே அழகு. தளர்ந்த இடுக்கில் அதே குணம் எதிரியாகி, எல்லாம் வழிந்து போகும். அங்கே 45 நிதானமாக நிற்கும்.

உருகுநிலையை இறக்க இன்னொரு உலோகமும் வெகுகாலம் பயன்பட்டது: காட்மியம். 45 பங்கு வெள்ளியோடு 24 பங்கு காட்மியம் கொண்ட கம்பி ஒருகாலத்தில் உலகம் முழுதும் வழக்கில் இருந்தது. நகைக்கடைப் பலகைகளில் 'கேடிஎம்' என்று எழுதியிருந்தது இதே காட்மியத்தின் பெயர்தான். தங்கத்துக்கான பற்றாசில் அது கலக்கப்பட்டது. காட்மியம் 767 டிகிரியில் கொதிக்கும். டார்ச் சற்று அதிகமாகக் காட்டினாலே ஆவியாகி மூச்சில் ஏறும். நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2011இல் பிறப்பித்த ஆணையால் பிரேசிங் கம்பிகளில் அது விலக்கப்பட்டது. பெட்டியின்மேல் காட்மியம் இல்லாதது என்று எழுதியிருக்கிறதா என்று பார்க்காமல் பழைய கம்பியைக் கொளுத்தக் கூடாது.

உயர்வெள்ளிக் கம்பிக்குப் பாஸ்பரஸ் துணையில்லை. ஆக்சைடைக் கரைக்க ஃப்ளக்ஸ் தேவை. பொற்கொல்லரின் வெங்காரம் இங்கே சரிப்படாது. நீர் நீங்கிய வெங்காரம் உருகவே 743 டிகிரி ஆகும். 56 சதவீதக் கம்பி அதற்கு முன்பே உருகி, படலத்தின்மேல் உருண்டையாக நிற்கும். புளோரைடு கலந்த வெள்ளைப் பசை ஃப்ளக்ஸ் 565 டிகிரியை ஒட்டியே வேலையைத் தொடங்கிவிடும். அது ஒரு வெப்பமானியும்கூட. தீ பட்டதும் நீர் வற்றி வெள்ளையாகப் பொரியும். பிறகு குமிழ்விட்டு அடங்கும். 600 டிகிரியை நெருங்கும்போது சட்டென்று தெளிந்து, குழாயின்மேல் தண்ணீர் ஊற்றியதுபோல் பளபளக்கும். கம்பியைத் தொட வேண்டிய கணம் அதுதான். வேலை முடிந்ததும் மிச்ச ஃப்ளக்ஸை வெந்நீரால் கழுவிவிட வேண்டும். விட்டால் ஈரத்தை இழுத்துச் செம்பை அரிக்கும். உறைந்த ஃப்ளக்ஸ் ஊசித்துளையையும் தற்காலிகமாக மூடி, இல்லாத கெட்டியைக் காட்டும்.

கசிவு எங்கே என்று கண்டுபிடிக்க எண்ணெய்க் கறையே முதல் சாட்சி. வாயுவோடு கம்ப்ரஸர் எண்ணெயும் சிறிது வெளியேறும். அதில் தூசு ஒட்டி, கசியும் இடம் மட்டும் கறுத்திருக்கும். சோப்பு நுரை அதை உறுதி செய்யும். அழுத்தம் ஏற்றிப் பார்க்க நைட்ரஜன் மட்டுமே. கையில் இருக்கிற ஆக்சிஜன் சிலிண்டரையே இதற்கும் மாட்டிவிடலாமே என்று தோன்றினால், அந்த எண்ணம் உயிருக்கு உலை: அழுத்தமேறிய ஆக்சிஜன் எண்ணெயைத் தொட்டால் வெடிக்கும். தீ பற்றவைக்கும் முன் உள்ளே இருக்கும் வாயுவை மீட்பு சிலிண்டருக்கு வாங்கிவிட வேண்டும். ஆர்-22 தீயில் பட்டால் ஹைட்ரஜன் குளோரைடும் ஹைட்ரஜன் புளோரைடுமாகச் சிதையும். நச்சான பாஸ்ஜீனும் சிறிதளவு உண்டாகும். புதிய வீட்டு ஃப்ரிட்ஜ்களில் உள்ள ஆர்-600ஏ ஐசோபியூட்டேன், அதாவது சமையல் எரிவாயுவின் உடன்பிறப்பு. அங்கே தீயே வேண்டாம். குழாயை நசுக்கிப் பூட்டும் இணைப்புகள் அதற்கென்று இருக்கின்றன.

கசிகிற இடத்தின்மேலேயே கொஞ்சம் கம்பியை உருக்கி விடுவது பலரும் செய்கிற முதல் தப்பு. ஊசித்துளை என்பது நோயின் அறிகுறி. நோய், உள்ளே உலோகம் போய்ச் சேராத வெற்றிடம். மேலே பூசினால் வெற்றிடம் அப்படியே இருக்கும். போதாக்குறைக்கு, குழாயின் எல்லா வாயும் அடைத்திருந்தால் உள்ளே இருக்கும் காற்று சூட்டில் விரிந்து, உறையப்போகும் உலோகத்தை உள்ளிருந்து ஊதி இன்னொரு துளை போடும். மூன்று முறை அடைத்தும் அதே இடத்தில் நுரை வருவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். சர்வீஸ் வால்வைத் திறந்து வைத்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். சரியான வழி, இணைப்பைச் சூடாக்கிக் கழற்றி, இரு முனைகளையும் செம்பு மின்னும்வரை உப்புத்தாளால் தேய்த்து, எண்ணெய் போகத் துடைத்து, மறுபடி பொருத்துவது. முனை நெளிந்திருந்தால் வெட்டிவிட்டு, அடுத்த குழாயின் வாயை ஸ்வேஜ் செய்து விரித்து, விட்டத்தின் அளவுக்காவது உள்ளே நுழைக்க வேண்டும். முன்னர் யாரோ ஈயமோ வெள்ளீயமோ வைத்து அடைத்திருந்தால் தேய்த்துப் பயனில்லை. செம்பில் ஊறிவிட்ட அந்த உலோகம் பிரேசிங் சூட்டில் இணைப்பைக் கெடுக்கும். அந்தத் துண்டையே வெட்டி எறிய வேண்டியதுதான்.

பிரேசிங் நடக்கும்போது குழாய்க்குள் நைட்ரஜன் மெல்ல ஓடிக்கொண்டிருக்க வேண்டும். கன்னத்தில் பட்டால் உணரும் அளவு போதும். இல்லையென்றால் குழாயின் உட்சுவரும் ஆக்சைடாகி, கருகிய வெங்காயத் தோலாக உதிரும். அந்தச் செதில்கள் எண்ணெயோடு பயணித்து, மிகக் குறுகிய துளையுள்ள கேபிலரி குழாயின் வாயில் போய் அடைக்கும். கசிவு நின்றது, ஆனால் குளிரும் நின்றது என்ற புகாரின் பின்னணியில் பலமுறை இந்தச் செதில்தான் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் இணைப்பு அப்பழுக்கற்றது. வெட்டிப் பார்த்தால்தான் தெரியும்: நைட்ரஜன் விட்ட குழாய் உள்ளே ரோஜா நிறத்தில், விடாதது கரிச்சட்டியாக.

தீயை எங்கே காட்டுவது என்பதில்தான் கைப்பழக்கம் வெளிப்படும். கம்பி டார்ச்சின் தீயில் உருகக் கூடாது, குழாயின் சூட்டில் உருக வேண்டும். முதலில் உள்ளே செல்லும் குழாயைச் சூடாக்கி, அது விரிந்து இடுக்கு அளவானதும், வெளிக் குழாய்க்குத் தீயை நகர்த்தி, இரண்டும் மங்கிய சிவப்பாகும்வரை சுற்றிச் சுற்றி வர வேண்டும். தீயின் கூர்மையான நீல முனை செம்பைத் தொடக் கூடாது. சற்றே வாயு மிகுந்த, ஆக்சிஜன் குறைந்த மென்தீ நல்லது. நிறத்தை வெயிலில் நின்று பார்த்தால் ஏமாற்றும், நிழல் வேண்டும். சிவப்பு வந்ததும் கம்பியை இடுக்கின் வாயில் தொட்டால் அது உருகிச் சடாரென்று உள்ளே மறையும். உருகிய உலோகம் சூடு அதிகமுள்ள பக்கம் ஓடும் குணமுடையது. எனவே தீயை இடுக்கின் ஆழப்பகுதிக்கு நகர்த்தினால் உலோகம் பின்தொடர்ந்து உள்ளே போகும். வாயிலேயே காட்டிக்கொண்டிருந்தால் அங்கேயே குவியும். அருகில் வால்வு இருந்தால் ஈரத்துணி சுற்றிக்கொள்ள வேண்டும், உள்ளே இருக்கும் ரப்பரும் டெஃப்லானும் கருகிவிடும். சிவப்பு மறைந்து உலோகம் உறையும்வரை குழாயை அசைக்கவே கூடாது. உடனே தண்ணீர் ஊற்றிக் குளிரவைப்பதும் ஆகாது. பாஸ்பரஸ் கம்பி அதில் மயிரிழை வெடிப்பு விடும்.

ஆறிய பிறகு சுற்றிலும் ஒரே சீரான மெல்லிய விளிம்பு தெரிந்தால் உள்ளேயும் நிரம்பியிருக்க வாய்ப்பு அதிகம். குழாயின் பின்பக்கத்தை ஒரு சிறு கண்ணாடி வைத்துப் பார்த்தாக வேண்டும். கைக்கும் கண்ணுக்கும் எட்டாத அந்தப் பக்கத்தில்தான் உலோகம் பெரும்பாலும் சேராமல் போகிறது. பிறகு, அந்த இயந்திரத்துக்குத் தயாரிப்பாளர் குறித்த சோதனை அழுத்தத்துக்கு நைட்ரஜன் ஏற்றி ஓரிரவு விட்டுவைப்பார்கள். இங்கே ஒரு கணக்கு தெரிந்திருக்க வேண்டும். மாலை 35 டிகிரி சூட்டில் 400 பி.எஸ்.ஐ. ஏற்றிய குழாய், அதிகாலை 25 டிகிரியில் ஏறக்குறைய 386 மட்டுமே காட்டும். மூடிய குழாயில் சூடு குறைந்தால் வாயுவின் அழுத்தமும் குறையும் என்பதால் வந்த இறக்கம் அது, கசிவால் அல்ல. மதியம் வெயிலேறி மானி மறுபடி 400க்கு வந்தால் இணைப்பு சரி. அதன்பின் நைட்ரஜனை வெளியேற்றி, பம்ப் மாட்டி 500 மைக்ரானுக்குக் கீழே வெற்றிடம் இழுத்து, பம்பை நிறுத்திய பிறகும் முள் ஏறாமல் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, இயந்திரத்தின் தகட்டில் எழுதியுள்ள கிராம் கணக்குக்கு வாயுவை எடைபோட்டு ஏற்றலாம்.